படத்துக்கு இடப்பக்கம்

ஜூன் 9, வெள்ளி

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனிஷா எழுதச் சொல்லியிருக்கிறாள். "ஆன்ட்டி என்ன சாப்பிட்டாங்க, எதைக் காட்டினாங்க, எதுக்குக் கோபப்பட்டாங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க அங்கிள். நான் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றேன். மத்த நாள்ல நீங்கதான் எனக்குக் கண்ணு" என்றாள். மார்த்தாண்டத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் எதிர்த்துப் பேச வாய் வரமாட்டேன் என்கிறது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். எல் போர்டு மாட்டிய காரில் இடப்பக்கம் உட்கார்ந்து கத்துவதுதான் பிழைப்பு. என் மனைவி வசந்தாமணி, கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'வசந்தா கிராஃபிக்ஸ்' என்று டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் செய்வாள். வைகாசி முகூர்த்த நெருக்கடியில், கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே நாற்காலியில் சரிந்துவிட்டாள். மூளையின் இடப்பக்கத்தில் ரத்த அடைப்பு என்றார்கள். வலது கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை: 'சரி'.

இட்லி வேண்டுமா? சரி. வேண்டாமா? சரி. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

ஜெனிஷா ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். வீட்டுச் சாமான்களின் படமும் பக்கத்தில் அதன் பெயருமாகத் தாள்கள் அடிக்க வேண்டும். "எழுத்து தெரியுதான்னு பாக்கணும் அங்கிள். படிப்பு மிச்சமிருந்தா அதைப் பிடிச்சுட்டே மேல ஏறிடலாம்" என்றாள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 10, சனி

வேர்டு என்கிற சாமானைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் எட்டுப் போட வைத்து ஃபெயில் ஆக்குவேன்.

ஸ்கூல் கம்ப்யூட்டரில் 'தண்ணீர்' என்று அடித்தேன். டம்ளர் படத்தைக் கொண்டுவந்து வைத்தேன். எழுத்து போய்ப் படத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டது. ஸ்பேஸ் தட்டினால் படம் அடுத்த வரிக்கு ஓடுகிறது. என்டர் தட்டினால் அடுத்த பக்கத்துக்கே போய்விடுகிறது. புனேயில் இருக்கும் மகள் சௌமியாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அப்பா, கத்தாம கேளுங்க. படத்தையும் ஒரு எழுத்துன்னு நெனச்சுட்டு வரிக்குள்ள உக்கார வெச்சிருக்குது. படத்து மேல க்ளிக் பண்ணுங்க. ஓரத்துல சின்னதா ஒரு கட்டம் வருதா? அதத் தொட்டீங்கன்னா ஒரு வரிசை வரும். அதுல ஸ்கொயர்."

ஸ்கொயர் கொடுத்தேன். எழுத்துகள் நகர்ந்து படத்துக்கு வழிவிட்டன. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த படத்துக்குக் கை தவறி வேறு எதையோ அழுத்திவிட்டேன். படம் எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எத்தனை க்ளிக் செய்தாலும் கைக்குச் சிக்கவில்லை. கடைசியில் அப்படியே அச்சடித்துக் கிழித்துப் போட்டேன்.

படம் இடப்பக்கம், சொல் வலப்பக்கம் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதலில் படத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் சொல்லைப் படிக்க வேண்டும். இடமிருந்து வலம்தானே நியாயம்?

ஜூன் 12, திங்கள்

கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அர்த்தநாரி அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனுஷர். வந்தவர் வெகுநேரம் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத சென்னியப்பா. எங்க மாப்பள செல்போன் கடை வைக்கோணும்னு நிக்கறாரு. ஆனி போறதுக்குள்ள பால் காய்ச்சிட்டாத்தான் ஆச்சு. ஆடி பொறந்துட்டா அப்பறம் ஆவணிக்குத்தான். அம்மணி இனி கடைக்கு வர்றதுன்னா... எப்படியோ, நீங்களே சொல்லுங்க."

வசந்தாவைப் பார்த்து, "ஏனம்மணி, சரிங்களா?" என்று அவரே கேட்டார்.

"சரி" என்றாள்.

அவளே சொல்லிவிட்டாள். நான் என்ன செய்ய? எனக்கும் ஒருவகையில் நிம்மதிதான். அந்தக் கடைதான் அவளைச் சாய்த்தது. பகல் சோற்றை மறந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்து உட்கார்ந்திருந்துதான் இப்படி ஆனது. மறுபடி அங்கே போய் உட்கார்ந்தால் மறுபடி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஆனி கடைசி வெள்ளிக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் போனபிறகு அவளுக்குத் தலைவலி போலிருக்கிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

ஜெனிஷா என் தாள்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். நெட்டிலிருந்து எடுத்த படங்கள். தண்ணீர் குடிப்பது ஒரு வெள்ளைக்காரி. சோறு என்று போட்ட இடத்தில் யாரோ குச்சிகளால் சாப்பிடுகிறார்கள். வசந்தா ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க வீட்டு டம்ளர், உங்க வீட்டு பாத்ரூம் கதவு, உங்க முகம். அதைப் போட்டோ எடுத்துப் போடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் முகத்தை எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 14, புதன்

பொரியலைத் தொடவே இல்லை. தட்டின் வலப்பக்கம் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் ருசி பார்த்தேன், உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் சமையல் பிடிக்கவில்லை என்றால் அதை இப்படியா காட்டுவது?

ஜூன் 16, வெள்ளி

சொந்தச் சாமான்களின் படத்தோடு இரண்டாவது சோதனை.

படங்களை அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. டம்ளர் படத்தைக் காட்டியதும் மேஜை மேலிருந்த டம்ளரைத் தொட்டாள். மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் இடது கையால் டக் டக்கென்று தொட்டாள். "இப்ப இதுல பேரு எங்க இருக்கு, காட்டுங்க ஆன்ட்டி" என்று ஜெனிஷா கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. டம்ளர் படத்தையே திரும்பத் திரும்பத் தடவினாள். பத்திரிகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள், தண்ணீர் என்ற சொல்லைத் தாளில் காணாமல் விழித்தாள்.

வாசல்வரை வந்து ஜெனிஷா மெதுவாகச் சொன்னாள்: "எழுத்து போயிருக்கலாம் அங்கிள். இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்புறம் படத்தை மட்டும் வெச்சுப் பழக்கலாம்."

சரி என்றேன். எனக்கும் வேறு வார்த்தை வரவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கடையைத் திறந்து அவளுடைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்கூல் பிரிண்டரில் கலர் வராது, அதற்காகத்தான். எப்படியும் ஒருநாள் எடுக்க வேண்டியவைதானே.

ஹாலில் மேஜை போட்டு வைத்தேன். வசந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்து, சிபியூ மேல் ஒட்டியிருந்த சந்தனப் பொட்டை இடது விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுதாள். தன் சாமான் வீட்டுக்கே வந்துவிட்ட சந்தோஷமாக இருக்கும்.

மாலையில், மாதிரிக்கு எதையாவது பார்த்து அடிக்கலாமே என்று அவளுடைய பழைய ஃபைல்களைத் திறந்தேன். திறந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு காதுகுத்துப் பத்திரிகை. மொட்டை போட்ட குழந்தை இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. 'அனைவரும் வருக' என்று தொடங்கும் வாசகம், குழந்தையின் கைக்கு இடம்விட்டு, விரல் நுனி வரும் இடத்தில் ஒதுங்கி, அக்குளுக்குள் வளைந்து, தொப்பையைச் சுற்றி இறங்குகிறது. ஒரு எழுத்துகூடக் குழந்தை மேல் படவில்லை. படத்தைத் தட்டிப் பார்த்தேன். சுற்றிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஒவ்வொரு புள்ளியையும் கையால் இழுத்து இழுத்து உருவத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். நான் ஒரு டம்ளரை நிறுத்த முடியாமல் தவிக்கிறேன்.

அப்புறம் ஒரு கோயில் தல வரலாறு. தூண் சிற்பம் எல்லாம் பக்கத்தின் ஓரமாக, பார்வை உள்பக்கம் இருக்கும்படி நிற்கின்றன. எந்தப் பக்கத்திலும் படத்தில் இருக்கும் ஆள் வெளியே பார்க்கவில்லை. எல்லோரும் எழுத்தைப் பார்க்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி ஒன்றில் இறந்துபோன பெரியவரின் தோளுக்கு மேல் ஒரு விரற்கடை வெள்ளை விட்டிருக்கிறாள். அந்த வெள்ளை இல்லாவிட்டால் மனுஷருக்கு மூச்சு முட்டியிருக்கும். அவருக்கு இனி மூச்சு எதற்கு என்று யாரும் கேட்கலாம். நான் அந்த வெள்ளையைத் திரையில் விரல் வைத்து அளந்து பார்த்தேன்.

இந்தப் பத்திரிகைகளில் பாதி என் சட்டைப்பையில் வந்து போயிருக்கின்றன. தேதியையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். என் பெண்டாட்டி என்ன கெட்டிக்காரி!

ஜூன் 20, செவ்வாய்

இன்று ஒரு கூத்து.

'நான்' என்ற தாளுக்கு அவளுடைய போட்டோ வேண்டும். சௌமியா கல்யாணத்தில் எடுத்தது இருந்தது. ஆனால் அதில் அவள் வெளிப்பக்கம் பார்க்கிறாள். அவளுடைய சட்டப்படி உள்ளே பார்க்க வேண்டுமே? ரொட்டேட் என்ற இடத்தில் ஃபிளிப் என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன். டக்கென்று திரும்பிக்கொண்டாள். நான் ஏதோ சாதித்துவிட்ட பெருமையில் அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இதுதான் முதல் சிரிப்பு. படத்தில் தோளைத் தட்டிக் காட்டினாள். நானும் குனிந்து பார்த்தேன். மாராப்பு வலது தோளுக்குப் போய்விட்டது. மூக்குத்தியும் பக்கம் மாறிவிட்டது. பக்கத்தில் நிற்கிற என் சட்டைக்கு வலப்பக்கம் பாக்கெட்!

"சரி, சரி, சரி" என்று என் மண்டையில் தட்டினாள். இந்தச் 'சரி' எனக்கு நன்றாகவே புரிந்தது. 'உனக்கு மூளை இருக்கா' என்பதுதான் அது.

ஜெனிஷா வந்ததும் சொன்னேன். அவளும் சிரித்தாள். "இவ்வளவு கண்டுபிடிக்கிறாங்கன்னா உள்ள ஆள் முழுசா இருக்காங்க அங்கிள்" என்றாள்.

இருக்கிறாள் என்று எனக்கும் தெரியும். எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 22, வியாழன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் 'சீப்பு' தாளைத் திருத்தப் போனேன். ஒரு வரி கூட்டியதும் படம் வழக்கம்போலக் கிளம்பிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். பக்கத்தின் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சொல் இடப்பக்கம் தள்ளப்பட்டது. எக்கேடோ கெட்டுப் போ என்று அப்படியே அச்சடித்துவிட்டேன். 'செருப்பு', 'ஜன்னல்' தாள்களும் அதே கதிதான்.

அவளுக்கு முன்னால் மூன்றையும் போட்டுவிட்டு, கிளாசுக்கு நேரமாயிற்று என்று சாவி தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் 'சீப்பு' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு அந்த விரலைத் தன் தலைக்குக் கொண்டுபோய் வாரிக் காட்டினாள். படத்தைப் பார்க்கவே இல்லை. எழுத்தைத்தான் பார்த்தாள்.

'செருப்பு' தாளில் விரல் வைத்துவிட்டு வாசலைக் காட்டினாள். 'ஜன்னல்' என்றதற்கு ஜன்னலைக் காட்டினாள்.

ஓடிப்போய் நான் ஒழுங்காக அடித்து வைத்திருந்த நல்ல தாள்களை எடுத்து வந்தேன். தண்ணீர். மாத்திரை. எழுத்தைக் காட்டச் சொன்னால் தெரியவில்லை. நல்ல தாள் எல்லாம் ஃபெயில், கெட்ட தாள் எல்லாம் பாஸ். இது என்ன கணக்கு?

லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு நான் ஒரு சோதனை வைப்பதுண்டு. நேராக என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரலை ஆட்டுவேன். அதை அவளுக்குச் செய்து பார்த்தேன். அவளுடைய இடப்பக்கம் ஆட்டியதும் அந்த விரலைப் பிடித்துவிட்டாள். வலப்பக்கம் ஆட்டினேன். ஒன்றும் இல்லை. கையையே ஆட்டினேன். என் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வலப்பக்கம் அவளுக்கு இல்லவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அவளால் பார்க்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு, படிக்கத் தெரியவில்லை என்று நான் அழுதிருக்கிறேன். ஆமாம், அழுதேன். அதை அன்றைக்கு எழுதவில்லை.

மத்தியானம் தட்டில் சோறு போட்டேன். அவள் பாதி சாப்பிட்டு நிறுத்தியதும் தட்டைப் பிடித்து அரைச்சுற்று திருப்பினேன். பொரியலைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். அப்புறம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

கிளாசுக்குப் போகவில்லை.

ஜூன் 23, வெள்ளி

ஜெனிஷா தாள்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சொல் இடப்பக்கம் இருந்து, வரி குட்டையாக இருந்தால், மெதுவாகப் படித்துவிடுகிறாள். எழுத்து எங்கேயும் போகவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அங்கிள். வலப்பக்கம் பார்க்கிற வேலையைச் செய்யுற இடம் மூளையில அடிபட்டிருக்கு. கண் டாக்டருக்கு நான் எழுதித் தர்றேன். ஆனா பாருங்க, படிப்பு இருக்கு! எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்று அவளே குதித்தாள்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: "ஆன்ட்டியோட 'சரி'யை சம்மதம்னு எடுத்துக்காதீங்க. வேற வார்த்தை வராததால அது வருது. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க."

அர்த்தநாரி அண்ணனுக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 26, திங்கள்

எல்லாத் தாள்களையும் மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். நான் 'கதவு' படத்தோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. என் கையில் ஒரு அடி. எழுந்திரு என்று தோளைத் தள்ளினாள்.

இடது கையால் மவுசைப் பிடித்தாள். அம்புக்குறி திரை முழுக்கத் தள்ளாடியது. வலப்பக்கம் போனால் தொலைந்துவிடுகிறது. தலையைத் திருப்பித் தேடுகிறாள். தேடிப் பிடித்துப் படத்தைத் தட்டி, அந்தச் சின்னக் கட்டத்தைத் திறந்து, நான் கண்ணால் பார்த்தே இராத ஓர் இடத்தில் ஒரு டிக் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஐந்தாறு என்டர் தட்டினாள். எழுத்துகள் இறங்கின. படம் அசையவில்லை. பக்கத்தில் வைத்த இடத்திலேயே நின்றது.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல்முறையாகக் கிளட்ச்சை விட்டு வண்டி இடிக்காமல் நகரும்போது ஒரு முகம் வைப்பார்கள். அந்த முகத்தை நான் வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

ஜூன் 27, செவ்வாய்

ருக்மணியக்கா பக்கத்து வீட்டிலிருந்து கீரை கொண்டுவந்தார். வசந்தா காதில் விழுகிற தூரத்திலேயே, "பாவம், கொழந்தை மாதிரி ஆயிட்டா" என்றார்.

"கொழந்தையா? வந்து அவ பண்றதப் பாருங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

ஜூலை 3, திங்கள்

இப்போது என் வேலை படம் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். அடுக்குவது அவள். என் தாள்களையும் அவள் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தாள் மிச்சமாகட்டும் என்று நான் கடைசியில் ஒரு தாளில் எட்டுச் சாமான் அடைத்திருந்தேன். அவள் மூன்றுதான் வைக்கிறாள். படங்கள் வலது ஓரமாக வரிசையாக நிற்க, இடப்பக்கம் சொற்கள் பெரிதாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. நடுவில் நிறைய வெள்ளை. அந்த வெள்ளையில் கண் களைப்பாறுகிறது.

அடிக்க மட்டும் வரவில்லை. கீபோர்டில் விரலை வைத்தால் எழுத்து வர மறுக்கிறது. மனசில் இருப்பது விரலுக்கு இறங்கவில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். ஏற்கனவே எழுதியிருக்கும் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, நகல் எடுத்து, கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்குத் தெரிந்த யாருக்கும் கிடையாது.

'வலி' என்ற தாளில் என் படத்தை வைத்துக் காட்டினாள். ஜெனிஷா என்னுடைய முகத்தைக் கேட்டது இதற்குத்தான் போலிருக்கிறது என்றேன். வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூலை 6, வியாழன்

அர்த்தநாரி அண்ணன் போன் செய்தார். மாப்பிள்ளை பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டாராம். "ஆனி கடைசி வெள்ளிக்கெழம வந்தர்றேன்ப்பா" என்றார். ஆகட்டுங்க அண்ணா என்றேன்.

கொடுத்த வாக்கு இருக்கிறது. அவளுக்கும் மறுபடி அந்த ஓட்டம் வேண்டாம். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்து பொழுதுபோக்கலாம். எல்லாம் நல்லதற்குத்தான்.

பேசி முடித்துத் திரும்பினால் வசந்தா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தைப் பாருங்கள் என்று ஜெனிஷா சொல்லியிருக்கிறாள். பார்க்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

ஜூலை 10, திங்கள்

மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் பக்கம் என்னை விடுவதில்லை. எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைக்கிறாள். பழைய ஃபைல்களாகத் திறந்து திறந்து மூடுகிறாள். ஜவுளிக்கடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அம்மன் கோயில் நோட்டீஸ் எல்லாம் ஓடுகின்றன. பழைய நினைப்பு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. அந்த ஒரு 'சரி'கூட வரவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம் என்று அர்த்தநாரி அண்ணன் வந்தார். வெற்றிலை பாக்கு, ஒரு டப்பா மைசூர்பாகு. என்னிடம் நலம் விசாரித்தார், என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார், என்னிடம் சாவி கேட்டார். நான் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுக்கப் போனேன். ஆணியில் சாவி இல்லை.

வசந்தா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கையில் ஒரு தாள். டீப்பாய் மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

வலது ஓரத்தில் ஒரு போட்டோ. கடை திறந்த அன்று அவளே ஷட்டரை மேலே தள்ளுகிறாள். இரண்டு கையும் தலைக்கு மேல். இடப்பக்கம் நான்கு சொற்கள். நான்கும் நான்கு விதம். 'என்' என்பது ஏதோ கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்த தங்கநிற எழுத்து. 'கடை' ஒரு பழக்கடை நோட்டீசின் பச்சை, கொட்டை எழுத்து. அதற்குக் கீழே 'என்னைக்'. அம்மனுக்கு நன்றி சொல்லி யாரோ போட்ட நோட்டீசில் 'என்னைக் காத்த' என்று வந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியாகச் சிவப்பில், ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து, 'கேளுங்கள்'.

என் கடை. என்னைக் கேளுங்கள்.

அந்தச் சிவப்பு எழுத்து தூக்கிய கையின் முழங்கையை உரசாமல் ஒதுங்கி நின்றது. அந்த நிலையிலும் அதைப் பார்த்திருக்கிறாள்.

இந்தத் தாள் அண்ணனுக்கு மட்டும் அடித்ததல்ல என்று எனக்கு விளங்கியது. அவருக்கு முன்னால் எனக்குத்தான்.

அர்த்தநாரி அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார். என்னைப் பார்த்து, "என்னப்பா இது, அம்மணி அன்னிக்கு சரின்னு சொல்லுச்சே?" என்றார்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "அவ வாயப் பாக்காதீங்க. தாளப் பாருங்க. என்னையும் பாக்காதீங்க."

அவர் தாளை மறுபடி டீப்பாய் மேல் வைத்தார். அப்புறம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். குரலை எடுத்து, காது கேளாதவர்களிடம் பேசுவது போல, "அம்மணி! கடையக் காலி பண்றீங்களா?" என்றார்.

"சரி" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே. முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேணும்னா மெதுவாப் பேசுங்கண்ணா. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, டீ வைக்கிறேன் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து அவள் இழுப்பாள், கூட இருக்கச் சொல்வாள் என்று ஒரு நப்பாசை. இழுக்கவில்லை.

அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ கேட்கிறார். சரி. மறுபடி ஏதோ கேட்கிறார். தாளைத் தட்டுகிற சத்தம். சரி, சரி. அவர் சிரிக்கிறார். மாப்பிள்ளை என்று ஒருமுறை காதில் விழுந்தது, ஆடி என்று ஒருமுறை. ஒவ்வொரு 'சரி'யும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. எதற்கு என்ன அர்த்தம் என்று ஓடிப்போய் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. டீ எப்போதோ கொதித்துவிட்டது. வடிகட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கும்பிட்டது அவளை. போகும்போது அவர் கையில் சாவி இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. "அப்பறம் வர்றனுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

என்ன பேசி முடித்தார்கள் என்று வாசலில் வைத்து அவரைக் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அவளைத்தான் கேட்க வேண்டும். பதில் வர இன்று முழுவதும் ஆகலாம். நாளைக்கும் ஆகலாம். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன். இன்னொரு நாற்காலியை அவளுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டு உட்காரப்போகிறேன்.